குடியை விட்ட மாணவருக்கு வளாகத்தில் ஓர் இடம்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மீட்சித் திட்டங்கள்

அமெரிக்காவில் மது, போதைப்பொருள் நோய் வேறெந்த வயதினரையும்விட 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களிடம்தான் அதிகம். கல்லூரியில் படிக்கும் வயதும் அதுவே. ஆகவே குடியை நிறுத்தவும் பட்டம் வாங்கவும் ஒரே காலத்தில் முயல்கிற இளைஞர்கள் அங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் 1970களின் பிற்பகுதி வரை பல்கலைக்கழகங்கள் அவர்களைத் தனியே கணக்கில் எடுக்கவில்லை. குடிக்காதே என்று எச்சரிக்க ஓர் அலுவலகம் இருந்தது; குடித்துப் பிடிபட்டால் விசாரிக்க இன்னொன்று இருந்தது. குடியை விட்டுவிட்டு வந்து நிற்பவர் தட்டுவதற்குத்தான் கதவு இல்லை.

குடிநோய்க்கு உள்நோயாளியாகச் சேர்ந்து எடுக்கும் சிகிச்சை அங்கே பெரும்பாலும் நான்கு வாரம் நடக்கும். அதற்குள் உடல் தேறிவிடும், கை நடுக்கம் நிற்கும், பசி எடுக்கும். பழக்கம் விட்டுப்போக அது போதாது. சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் பழையபடி தொடங்கிவிடுகிறார்கள் என்பது அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. முதல் ஆண்டுதான் பெரிய கண்டம். ஐந்தாண்டு தொடர்ந்து விலகியிருந்தவர்களிடம் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுவதை நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்காண்டு இளநிலைப் படிப்பு ஏறக்குறைய முழுவதும் இந்த ஐந்தாண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

அப்படித் திரும்பி வருகிறவர் காலெடுத்து வைக்கும் வளாகம் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1984ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டத்தின் அழுத்தத்தால் எல்லா மாநிலங்களும் மது வாங்கும் வயதை 21 ஆக்கின. ஆனால் முழுநேரக் கல்லூரி மாணவர்களில், 18 முதல் 22 வயது வரையுள்ளோரில், பாதிப்பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்ததாகவும் மூன்றில் ஒருவர் ஒரே அமர்வில் அளவுமீறிக் குடித்ததாகவும் தேசியக் கணக்கெடுப்புகள் காட்டிவந்தன. கால்பந்துப் போட்டி நடக்கும் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கே மைதானத்தின் கார் நிறுத்துமிடம் நிறைந்துவிடும். வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, பனிக்கட்டிப் பெட்டியிலிருந்து பீர் கேன்களை எடுத்து நீட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய மாணவர்கள், பெற்றோர்கள், சமயத்தில் பேராசிரியர்கள்கூட அங்கே இருப்பார்கள். விடுதி அறையோ இருவருக்குப் பொது. அறைத் தோழரின் குளிர்பதனப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது இவர் கையில் இல்லை.

போகாமல் இருந்துவிடலாமே என்று கேட்பது எளிது. போகாதவர் தனியே சாப்பிட வேண்டும், வெள்ளி இரவைத் தனியே கழிக்க வேண்டும். குடியை விட முயல்பவர்களுக்காக ஊருக்குள் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போனால் சுற்றிலும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள். அவர்கள் பேசுவது விவாகரத்தும் வேலையிழப்பும் கல்லீரல் கோளாறும். பத்தொன்பது வயதுக்காரருக்கு அந்தக் கதைகள் அச்சமூட்டலாம். அவை தன் கதை என்று தோன்றாது. இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லையே என்ற நினைப்புக்கூட வரலாம், அது நல்லதல்ல. ஆக, ஒத்த வயதில், அதே வளாகத்தில், குடிக்காத கூட்டாளிகள் கிடைப்பார்களா என்ற கேள்வியில்தான் எல்லாம் வந்து நிற்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவில் உருவான மீட்சித் திட்டங்களை இந்தக் கேள்விக்கான விடைகளாகப் படிக்கலாம்.

முதல் விடை ஓர் ஆசிரியரிடமிருந்து வந்தது. ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க, லத்தீன் செவ்வியல் இலக்கியம் கற்பித்த புரூஸ் டோனவன், தாமே குடியிலிருந்து மீண்டவர். 1977இல் பல்கலைக்கழகம் அவரை இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு துணைப் புலத்தலைவர் பொறுப்பில் அமர்த்தியது. பெரிய கட்டமைப்பு எதுவும் இல்லை. மாணவர் வந்து உட்கார ஒரு நாற்காலி, தாம் எதைக் கடந்து வந்தார் என்பதை மறைக்காத ஒருவர், வாரந்தோறும் ஒரு சிறு குழு, அவ்வளவுதான். நாடெங்கும் பின்னால் வந்த எல்லாவற்றிலும் இந்த மூன்றும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1983இல் ஆலோசகராகச் சேர்ந்த லிசா லைட்மேன், சிகிச்சை முடித்து வருகிற மாணவர்கள் பழைய விடுதி அறைக்கே திரும்பிச் சறுக்குவதைக் கண்டார். அறிவுரையால் ஆகக்கூடியது கொஞ்சம்தான், அறையை மாற்ற வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. அதிலிருந்து பிறந்ததுதான் 1988இல் திறக்கப்பட்ட மீட்சி விடுதி. வளாக விடுதிகளுக்குள் இந்த வகையில் இதுவே முதலாவது. இன்ன விடுதி என்று வெளியே எழுதிவைப்பதில்லை. அங்கே வசிப்பவர் தாமே சொன்னாலொழிய மற்றவர்களுக்குத் தெரியவேண்டியதில்லை. சோகம் சுமந்த ஆசிரமத்தைப் போல இந்த விடுதிகளைக் கற்பனை செய்பவர்கள் ஏமாந்து போவார்கள். நள்ளிரவு வரை சீட்டாட்டமும் சிரிப்பும் நடக்கிற, தேர்வுக்கு முதல்நாள் அமளிப்படுகிற சாதாரண மாணவர் விடுதிகள்தான் அவை. மது மட்டும் கிடையாது.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் வேறு வழியில் போனது. அங்கே 1986இல் பேராசிரியர் கார்ல் ஆண்டர்சன் தொடங்கிய மையம், விடுதியைவிடப் படிப்பையும் சமூகத்தையும் மையமாகக் கொண்டது. மீட்சியிலிருக்கும் மாணவர்கள் வாரம் ஒருமுறை கருத்தரங்க வகுப்பில் கூடுவார்கள். அதற்கு மற்ற பாடங்களைப் போலவே மதிப்பெண் அலகும் உண்டு. உதவித்தொகையும் உண்டு, ஆனால் குடிக்காமலிருப்பதோடு படிப்பிலும் தேறியிருக்க வேண்டும். நோயாளி என்ற பெயரில் ஒதுக்கிவைக்காமல், உதவித்தொகை வாங்கும் தகுதியுள்ள மாணவர் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டதுதான் இதன் நுட்பம். கிட்டி ஹாரிஸின் தலைமையில் இந்த மையம் வளர்ந்தது. கூட்டாட்சி அரசின் நிதியோடு, மற்ற கல்லூரிகள் இதைப் பார்த்துத் தொடங்குவதற்கான பாடத்திட்டமும் 2000களின் நடுவில் இங்கே எழுதப்பட்டது.

மினசோட்டா மாநிலத்துக்கு இந்தத் துறையில் தனி வரலாறு உண்டு. 1949இல் அங்கே தொடங்கிய ஹேசல்டன் சிகிச்சை மையமும் அதையொட்டி வளர்ந்த முறையும் நாடெங்கும் பரவியதால், சிகிச்சைக்கென்று வெளிமாநிலங்களிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிடும் இளைஞர்கள் நிறையப்பேர். குடியை விட்ட பிள்ளைகளுக்கென்று உயர்நிலைப் பள்ளிகள்கூட 1980களின் பிற்பகுதியிலேயே அங்கே வந்துவிட்டன. அந்தப் பள்ளிகளிலிருந்து வெளியேறுகிறவர்கள் எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது மினியாபொலிஸின் ஆக்ஸ்பர்க் கல்லூரி 1997இல் ‘ஸ்டெப்அப்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. இது விடுதியையும் ஆலோசனையையும் ஒன்றாக இணைத்தது. சேர விரும்புகிறவர் முன்பே சில மாதங்கள் போதையின்றி இருந்திருக்க வேண்டும். சேர்ந்தபின் ஆலோசகரை வாராவாரம் பார்ப்பதும் குழுக்கூட்டத்துக்கு வருவதும் கட்டாயம்.

2004இல் ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் தன் மையத்தைத் திறந்தது. 2010இல் இத்திட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஒரு சங்கம் உருவாயிற்று. அதன்பின் ‘டிரான்ஸ்பார்மிங் யூத் ரிகவரி’ என்ற அறக்கட்டளை, தொடங்க விரும்பும் கல்லூரிகளுக்குத் தலா 10,000 டாலர் விதைநிதி தர முன்வந்ததும் எண்ணிக்கை வேகமாக ஏறியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வளாகங்களில் ஏதோ ஒரு வடிவில் இது நடக்கிறது. பட்டம் வழங்கும் கல்லூரிகள் அந்நாட்டில் ஏறத்தாழ நாலாயிரம் என்பதை மறக்காமல் இந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

அன்றாடத்தில் இத்திட்டத்தின் உயிர் ஓர் அறையில் இருக்கிறது. ஏதோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு மூன்று சோபா, காபி இயந்திரம், அச்சுப்பொறி, சோடா அடுக்கிய குளிர்பதனப் பெட்டி, சுவரில் கூட்டங்களின் அட்டவணை. உறுப்பினர் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே வந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள், தூங்கவும் செய்வார்கள். மாலையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகள் முறையிலான கூட்டமோ, 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி முறையிலான கூட்டமோ நடக்கும். முப்பது நாள், தொண்ணூறு நாள், ஓராண்டு என்று குடிக்காத காலத்தை எட்டியவருக்கு உலோக வில்லை ஒன்று கொடுத்துக் கைதட்டுவார்கள். ஓராண்டு நிறைவைப் பிறந்தநாள் என்றே சொல்லிக் கேக் வெட்டுவதும் உண்டு. போட்டி நாளன்று அதே கார் நிறுத்துமிடத்தில் இவர்களும் ஒரு கூடாரம் போடுகிறார்கள். அடுப்பும் இறைச்சியும் ஆரவாரமும் அப்படியே இருக்கும், பெட்டியில் மட்டும் எலுமிச்சைச் சாறு. கல்லூரி வாழ்க்கையைத் துறக்காமலே குடியைத் துறக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் துண்டறிக்கையும் சொல்லிவிட முடியாது.

பார்வைக்குப் படாத வேலை ஒன்றும் உண்டு, அது காகித வேலை. சிகிச்சைக்காகப் பாதியில் விட்டுப்போன பருவத்தில் எல்லாப் பாடத்திலும் தோல்வி என்று பதிவாகியிருக்கும். அதை மருத்துவ விலகலாக மாற்றக் கோரி எழுத வேண்டும்; உதவித்தொகை நின்றுபோயிருந்தால் மேல்முறையீடு செய்ய வேண்டும்; பழைய வழக்கு ஏதாவது இருந்தால் செவிலியர், ஆசிரியர் உரிமம் தரும் வாரியங்களுக்கு விளக்கம் தர வேண்டும். திட்டத்தின் பணியாளர் தம் நாளில் கணிசமான பொழுதை இதற்கே செலவிடுகிறார். பல வளாகங்களில் அந்தப் பணியாளர் ஒரே ஒருவர்தான். அவர் வேலை மாறிப்போனால் திட்டமே தள்ளாடிவிடுகிறது.

விடுதியில் ஒருவர் மீண்டும் குடித்துவிட்டால் என்ன செய்வது? இத்திட்டங்கள் தீராமல் வாதிடும் கேள்வி இது. சேரும்போதே மாணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். குடித்தால் விடுதியை விட்டு வெளியேற வேண்டும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. இருபதுபேர் வசிக்கும் வீட்டில் ஒருவர் அறையில் ஒரு போத்தல் இருந்தால் மற்ற பத்தொன்பதுபேருக்கும் அது ஆபத்து என்பது இதன் நியாயம். மறுபக்க நியாயமும் வலுவானது: சறுக்குவது இந்த நோயின் இயல்பு, ஆளுக்குத் துணை மிக அதிகம் தேவைப்படும் இரவில் அவர் பெட்டியை வாசலில் வைப்பது சிகிச்சையாகாது. அதனால் பல இடங்களில் வீட்டிலிருந்து விலக்கினாலும் திட்டத்திலிருந்து விலக்குவதில்லை. ஆலோசனையும் குழுவும் தொடரும், சில மாதங்கள் கழித்து வீட்டுக்கும் திரும்ப வரலாம். வெளியேற்றும் விதி நியாயமாக இருக்க வேண்டுமானால் அன்றிரவே அவர் படுக்க வேறொரு கட்டில் தயாராக இருக்க வேண்டும். இதைச் செய்யாத விதி, வீட்டைக் காப்பாற்றி ஆளைக் கைவிடுகிறது.

ஓபியாய்டு எனும் அபின் வகை மருந்துகளும் அவற்றுள் மிக வீரியமான ஃபென்டனிலும் வந்தபின் இந்த வாதம் கூர்மையடைந்துவிட்டது. சில வாரம் நிறுத்தியிருந்தவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்திருக்கும். அவர் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். மதுவில் ஒரு சறுக்கல் என்றால் மறுநாள் பேசிக்கொள்ளலாம், இதில் மறுநாள் இருக்குமா என்பதே சந்தேகம். மூச்சடைப்பிலிருந்து மீட்கும் நலாக்சோன் மூக்குத்தெளிப்பு 2023இல் மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதி பெற்றபின் விடுதிகளில் அதை வைப்பது எளிதாயிற்று. கார்னெல் பல்கலைக்கழகம் 2002லேயே, மயங்கிக் கிடக்கும் நண்பருக்காக உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் மாணவர்மீது குடித்ததற்கான ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதில்லை என்று விதி வகுத்திருந்தது. பிறகு பல வளாகங்களும் மாநிலங்களும் இதே வகையில் விதிகளைச் செய்துகொண்டன.

சிகிச்சை மருந்துகளான மெத்தடோனும், 2002இல் ஓபியாய்டு நோய்க்கு அனுமதிக்கப்பட்ட புப்ரெனார்ஃபினும் மரணத்தைக் குறைக்கின்றன என்பதற்கு ஐயமற்ற சான்று உண்டு. ஆனால் பன்னிரண்டு படிகள் மரபில் ஊறிய சில வட்டங்களில், இந்த மருந்தை எடுக்கிறவர் உண்மையில் விட்டவர் ஆவாரா என்று கேட்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையால் ஒரு மாணவர் குழுவில் பாதி உறுப்பினராக உணர்வது பெருந்தவறு. இளம் திட்டங்கள் பலவும் இதை உணர்ந்து, உறுப்பினராவதற்கான அளவுகோலை விரித்திருக்கின்றன. எந்த வழியில் மீள்வது என்பதை மாணவரே முடிவு செய்துகொள்ளலாம்.

சட்டம் இதில் உதவியும் இருக்கிறது, தடுத்தும் இருக்கிறது. 1974ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பின் மாணவரின் பதிவுகளுக்கான உரிமை அவருடையது. கட்டணம் கட்டும் பெற்றோருக்குக்கூட இயல்பாகத் திறக்காது. 1998இல் வந்த திருத்தம், 21 வயதுக்குட்பட்டவர் மது, போதைப்பொருள் விதியை மீறினால் பெற்றோருக்குத் தெரிவிக்கலாம் என்று கல்லூரிக்கு அனுமதி தந்தது. கட்டாயம் என்று சொல்லவில்லை. 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் சட்டம் குடிநோயாளிக்கும், போதைப்பொருளை விட்டவருக்கும் பாதுகாப்பு தருகிறது. சட்டவிரோதமான போதைப்பொருளை இப்போது பயன்படுத்துகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தடைக்கு உதாரணம், போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற மாணவருக்குக் கூட்டாட்சி நிதியுதவியை நிறுத்திய 1998ஆம் ஆண்டு விதி. நடுத்தெருவில் நின்றவரைப் படிப்பின் வழியே வெளியேறவிடாமல் செய்த விதி அது. இருபதாண்டுக்கு மேல் நீடித்தபின், 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதை நீக்கியது.

இத்திட்டங்களில் யார் சேர்கிறார்கள் என்பது பற்றி 29 திட்டங்களைச் சேர்ந்த 486 மாணவர்களிடம் அலெக்சாந்த்ரே லோடே குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வே முதல் தேசியப் படம். சராசரி வயது 26. வழக்கமான இளநிலை மாணவரைவிட ஐந்தாறு வயது கூட. 43 விழுக்காட்டினர் பெண்கள். ஒன்றுக்கு மேற்பட்ட போதைகளில் சிக்கியவர்களும் இருந்தார்கள். பலர் காவல்துறையும் நீதிமன்றமும் பார்த்தவர்கள், வீடில்லாமல் அலைந்தவர்கள். உணவுக் கோளாறு போன்ற பிற சிக்கல்களும் கூடவே இருந்தன. இத்திட்டம் இல்லையென்றால் கல்லூரியிலேயே இருந்திருக்க மாட்டேன் என்று மூன்றில் ஒருவர் சொன்னார். செல்லப்பிள்ளைகளுக்கான சலுகை இது என்ற முணுமுணுப்புக்கு இந்தப் படமே பதில்.

விளைவு பற்றிய எண்கள் கண்ணைப் பறிப்பவை. அந்த 29 திட்டங்களில் ஓராண்டில் மீண்டும் குடித்தவர்கள் சராசரியாக 8 விழுக்காடு. சில இடங்களில் ஒருவரும் இல்லை, சில இடங்களில் கால்வாசிப்பேர். படிப்பில் நீடிப்பதிலும் மதிப்பெண்ணிலும் பட்டம் முடிப்பதிலும் தங்கள் பல்கலைக்கழகத்தின் சராசரியை இவர்கள் மிஞ்சினார்கள். ஆனால் இதைப் பொதுவான 40 முதல் 60 விழுக்காட்டோடு ஒப்பிட்டு வெற்றி முழங்குவது சரியல்ல. சில மாதம் குடிக்காமலிருந்து காட்டியவர்களையே பல திட்டங்கள் சேர்க்கின்றன. சறுக்கியவர் சொல்லாமல் விலகிப்போனால் கணக்கில் வரமாட்டார். தகவல் தருகிறவர்கள் திட்டத்தை நடத்துகிறவர்களே. இத்திட்டத்தில் சேர்ந்தவரையும் அதே நிலையில் இருந்தும் சேராதவரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் ஆய்வு இத்துறையில் கிடைக்காத பொருள். அப்படிச் செய்வதும் கடினம். உதவி கேட்டு வந்தவரை ஒப்பீட்டுக்காகத் திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? ஒத்த வயதுக் கூட்டாளிகள் இருப்பது உதவுகிறது என்பதை நம்ப நல்ல காரணம் உண்டு. எவ்வளவு உதவுகிறது என்று கேட்டால் நேர்மையான விடை இன்னும் எழுதப்படவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த பலவீனம். தொடக்கத்தில் அறக்கட்டளை தந்த 10,000 டாலர் ஒரு பணியாளரின் சில மாதச் சம்பளத்துக்குமேல் வராது. மிச்சத்தைத் தருகிறவர்கள் பெரும்பாலும் மீண்ட மாணவர்களின் பெற்றோர்களும், மீளாத பிள்ளையை இழந்த பெற்றோர்களும். நன்கொடையில் வாழும் திட்டம் நன்கொடையாளர் உள்ள வளாகத்தில்தான் வாழும். உறுப்பினர்களில் வெள்ளையர்களே மிகுதியாக இருப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட முடியாது. தனியார் சிகிச்சை மையம், அங்கிருந்து பல்கலைக்கழகம், அங்கே மீட்சி விடுதி என்ற வரிசையில் போவதற்கு முதல் படியிலேயே குடும்பத்திடம் காப்பீடும் காசும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே இந்த மாதிரி மெதுவாகவே பரவுகிறது. பிரிட்டனில் பர்மிங்காம் பல்கலைக்கழகம் ‘பெட்டர் தேன் வெல்’ என்ற பெயரில் ஒரு திட்டத்தை நடத்துகிறது. அங்கே 18 வயதிலேயே சட்டப்படி மது வாங்கலாம், மாணவர் சங்கமே மதுக்கூடம் நடத்துவது வழக்கம். எனவே அமெரிக்க மாதிரியை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

அமெரிக்காவிலேயே எட்டாத இடம் பெரிது. நியூ ஜெர்சி 2015இல், நான்காண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகளில் மாணவர்களில் கால்வாசிப்பேராவது வளாகத்தில் தங்கும் கல்லூரி ஒவ்வொன்றும் மீட்சி விடுதி வசதி ஏற்படுத்த வேண்டும் என்று சட்டமே இயற்றியது. ரட்கர்ஸின் முன்மாதிரிக்குக் கிடைத்த உயர்ந்த மரியாதை அது. ஆனால் குறைந்த கட்டணத்தில் ஈராண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரிகளில் விடுதி பெரும்பாலும் இல்லை. அவை இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. சிகிச்சைக்குப்பின் காசும் மதிப்பெண்ணும் குறைந்த நிலையில் படிப்பைத் திரும்பத் தொடங்குகிறவர்களில் பலர் முதலில் சேர்வது அங்கேதான். பகலில் வேலை, மாலையில் வகுப்பு, இரவில் பழைய தெரு என்று வாழும் அவர்களுக்குத் தனி வீடு தர வழியில்லை. அத்தகைய சில கல்லூரிகள் மாலை வகுப்புக்கு முன் ஒரு மணிநேரம் ஓர் அறையைத் திறந்துவைத்துக் கூட்டம் நடத்துகின்றன. 2020இல் பெருந்தொற்று வந்தபின் இணையவழிக் கூட்டங்களும் சேர்ந்துகொண்டன.